எட்டுக்கோணம் சொல்லும் பிள்ளை, தண்ணீர் கேட்காத பிள்ளை

(இணையவழி நேரலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே ஒஸ்லோவில் பின்னேரம் மூன்று மணி. வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. ரொறன்ரோவில் இருப்பவர்கள் காலைக் கோப்பியோடு இருப்பீர்கள். சிட்னியில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி. நித்திரையைக் கெடுத்துக்கொண்டு கேட்பவர்களுக்கு முதலில் நன்றி.

சிறுவர் காணொளிகளும் சின்னப் பிள்ளைகளின் முதல் ஆங்கிலமும் என்பது இன்றைய தலைப்பு. அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர், "இலக்கியச் சந்திப்பில் இது என்ன தலைப்பு?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஒரு மனிதர் கேட்கிற முதல் இலக்கியம் தாலாட்டு. இரண்டாவது, சோறு ஊட்டும்போது சொல்லப்படும் கதை. இந்த இரண்டு இடத்திலும் இன்று ஒரு கைபேசி இருக்கிறது. அது நம்முடைய பிள்ளைகளுக்கு என்ன மொழியைக் கொடுக்கிறது, என்ன மொழியை எடுக்கிறது என்பது இலக்கியக்காரர் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.

என் பேரனில் இருந்து தொடங்குகிறேன். அவனுக்கு இப்போது நான்கு வயது. நான் சொல்லப்போவது அவனுக்கு மூன்று வயது ஆன காலத்தில் நடந்தது. நோர்வேயில் ஒரு வயது முடிந்த பிள்ளைக்குப் பாலர் பள்ளியில் இடம் பெறுகிற உரிமை இருக்கிறது. இங்கே அதைப் பார்னேஹாகே என்பார்கள், பிள்ளைகளின் தோட்டம் என்று பொருள். ஒரு நாள் அவனைக் கூட்டிவரப் போன என் மகளிடம் அங்குள்ள ஆசிரியை கேட்டாராம்: "நீங்கள் வீட்டில் ஆங்கிலமா கதைக்கிறீர்கள்?" என் மகள், "இல்லை, தமிழ்" என்றிருக்கிறாள். ஆசிரியைக்கு ஆச்சரியம். ஏனென்றால் பேரன் அங்கே நிறங்களை எல்லாம் ஆங்கிலத்தில் சொல்கிறான். இருபது வரை எண்ணுகிறான். மரக்கட்டைகளை எடுத்து வைத்து முக்கோணம், வட்டம் மட்டுமல்ல, ஒக்டகன், அதாவது எட்டுக்கோணம் என்றும் சொல்கிறான். உச்சரிப்பு அமெரிக்க உச்சரிப்பு. ஆனால் தாகம் எடுத்தால் ஒன்றும் சொல்ல மாட்டான். ஆசிரியையின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் நிற்பான்.

வீட்டில் முதலில் சந்தோஷப்பட்டோம். அதை மறைக்கப் போவதில்லை. "மூன்று வயதில் என்ன ஆங்கிலம்!" என்று கலியாண வீட்டில் சனம் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஆங்கிலத்தை அவனுக்குக் கொடுத்தது யார்? நான்தான். மகளும் மருமகனும் வேலைக்குப் போவார்கள். பின்னேரத்தில் பிள்ளை என்னிடம். அவன் சாப்பிட மாட்டான். கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து, பாட்டுக் காணொளியைப் போட்டால் வாயைத் திறப்பான். ஒரு கோப்பை சோறும் பருப்பும் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இத்தனைக்கும் நான் இருபத்திரண்டு வருடம் பாலர் பள்ளியில் உதவியாளராக வேலை செய்தவள். அடுத்தவர் பிள்ளைகளின் தாய்மாருக்கு அறிவுரை சொன்னவள்.

ஆசிரியையின் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் எனக்கு விளங்கியதைத்தான் உங்களோடு பகிர்கிறேன். காணொளி கெட்டது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போக நான் வரவில்லை. கதை அவ்வளவு லேசானது அல்ல.

முதலில் ஒரு நல்ல கதை. 1966ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஓர் இரவு விருந்து. தொலைக்காட்சித் தயாரிப்பாளரான ஜோன் கான்ஸ் கூனியின் வீட்டில் நடந்தது. விருந்தாளிகளில் ஒருவர் லொயிட் மொரிசெற், உளவியலாளர், கார்னகி அறக்கட்டளையில் வேலை செய்தவர். அவர் தன் மூன்று வயது மகளைப் பற்றிச் சொன்னார். அந்தப் பிள்ளை விடியற்காலையில் எழும்பி, நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் வருகிற வெறும் சோதனைக் கோலத்தைப் பார்த்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்குமாம். இந்தப் பெட்டி பிள்ளைகளை இவ்வளவு பிடித்துவைக்கிறதென்றால், இதை வைத்து ஏதாவது கற்பிக்க முடியாதா என்பது அந்த மேசையில் எழுந்த கேள்வி. அதிலிருந்து பிறந்ததுதான் செசமி ஸ்ட்ரீட். 1969 நவம்பர் 10ஆம் தேதி முதல் ஒளிபரப்பு. பாலர் பள்ளிக்குப் போக வசதியில்லாத நகரத்து ஏழைப் பிள்ளைகள் முதலாம் வகுப்பில் பின்தங்கி நிற்பதைக் குறைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அரசாங்கமும் அறக்கட்டளைகளும் சேர்ந்து சுமார் 80 லட்சம் டொலர் கொடுத்தார்கள்.

எழுத்தாளர்களும் பொம்மலாட்டக்காரர்களும் குழந்தை உளவியலாளர்களும் ஒரே மேசையில் இருந்து அதைச் செய்தார்கள். ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் பால்மர் ஒரு சோதனை வைத்தார். பிள்ளைக்கு முன்னால் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி ஓடும். பக்கத்தில் இன்னொரு சின்னத் திரையில் ஏழரை விநாடிக்கு ஒருமுறை படங்கள் மாறும். பிள்ளை எந்த இடத்தில் நிகழ்ச்சியை விட்டுப் பக்கத்துப் படத்தைப் பார்க்கிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டே இருப்பார். கவனம் கலைந்த பகுதிகளைத் திருத்தி எடுப்பார்கள். இந்தச் சோதனையை நினைவில் வைத்திருங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

பலன் இருந்ததா? இருந்தது. முதல் பருவம் முடிந்ததும் வெளியார் நிறுவனம் ஒன்று சோதித்தது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் கூடுதலாகப் பார்த்தவர்கள் எழுத்து, எண், வடிவங்கள் ஆகியவற்றைக் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். பல வருடம் கழித்து மெலிசா கேர்னி, பிலிப் லெவின் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதையே வேறு வழியில் பார்த்தார்கள். 1969இல் அமெரிக்காவில் எல்லா ஊருக்கும் அந்த அலைவரிசை தெளிவாகக் கிடைக்கவில்லை. தெளிவாகக் கிடைத்த ஊர்ப் பிள்ளைகளையும் கிடைக்காத ஊர்ப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். கிடைத்த ஊர்ப் பிள்ளைகள் வயதுக்கேற்ற வகுப்பில் இருப்பது கூடுதலாக இருந்தது. ஆகவே, காணொளியால் ஒன்றும் வராது என்று சொல்வது உண்மை அல்ல.

ஆனால் அதே கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. முதல் ஆய்வில் சில வீடுகளுக்கு ஆட்கள் போய், "பிள்ளைக்கு இதைப் போட்டுக் காட்டுங்கள்" என்று தாய்மாரை ஊக்கப்படுத்தியிருந்தார்கள். 1975இல் தோமஸ் குக் என்பவரும் அவருடைய குழுவினரும் அந்தத் தரவுகளைத் திரும்பப் பிரித்துப் பார்த்தபோது, ஊக்கம் இல்லாமல் தானாகப் பார்த்த பிள்ளைகளுக்குக் கிடைத்த நன்மை குறைவாகவே இருந்தது. அதாவது பெட்டியோடு சேர்ந்து ஒரு மனிதரும் வேலை செய்திருக்கிறார்.

இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தொண்ணூறுகளில் செசமி ஸ்ட்ரீட்டின் நோர்வே வடிவம் இங்கே அரச தொலைக்காட்சியில் வந்தது. இங்கே அது தெரு அல்ல, ஒரு ரயில் நிலையம். செசாம் ஸ்தாஷூன் என்று பெயர். அப்போது நான் நோர்வேக்கு வந்து கொஞ்சக் காலம்தான். என் மகளை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பேன். அவளுக்கு நான்கு வயது, எனக்கு இருபத்தாறு. இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அதில் ஒரு சொல் வந்தால் நான் அவளிடம் தமிழில் கேட்பேன், "இது என்ன பிள்ளை?" அவள் எனக்குச் சொல்வாள். அந்தக் காணொளியில் மகளும் கற்றாள், நானும் கற்றேன். அதே பெண் முப்பது வருடம் கழித்துப் பேரனுக்கு முன்னால் கைபேசியைச் சாய்த்துவைத்துவிட்டுச் சோற்றுக் கரண்டியோடு வாய் பேசாமல் இருந்தாள். எனக்கும் காணொளிக்கும் இடையில் நடந்த மாற்றம் இதுதான்.

இப்போது வயதுக் கணக்குக்கு வருவோம். இதுதான் இந்தப் பேச்சில் மிக முக்கியமான இடம். மூன்று வயதுக்கு மேல் பிள்ளை காணொளியில் இருந்து சொற்களைக் கற்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே பெரும்பாலும் கற்பதில்லை. ஒரே விஷயத்தை ஒரு மனிதர் நேரில் செய்துகாட்டினால் பிடித்துக்கொள்கிற குழந்தை, அதையே திரையில் காட்டினால் பிடித்துக்கொள்வதில்லை. ஆய்வாளர்கள் இதற்குக் காணொளிப் பற்றாக்குறை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதைப் பற்றிய மூன்று சோதனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பற்றீசியா கூல் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் 2003இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த ஒன்பது மாதக் குழந்தைகள். சீன மொழி பேசுபவர்கள் ஒரு குழுவோடு தரையில் இருந்து விளையாடினார்கள், புத்தகம் வாசித்தார்கள். மொத்தம் 12 அமர்வுகள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்களின் அதே பேச்சு தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியக் கற்றார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கற்கவில்லை. கண் வெட்டாமல் பார்த்தார்கள், ஆனால் கற்கவில்லை.

இரண்டாவது, 2010இல் ஜூடி டெலோச்சும் குழுவினரும் செய்தது. 12 முதல் 18 மாதப் பிள்ளைகளுக்குச் சொல் கற்பிப்பதாக விற்கப்பட்ட ஒரு குறுந்தகட்டை நான்கு வாரம் வீட்டில் போட்டார்கள். ஒன்றுமே பார்க்காத பிள்ளைகளை விட அவர்கள் கூடுதலாக எதுவும் கற்கவில்லை. மிகக் கூடுதலாகக் கற்றவர்கள் எந்தக் குழு தெரியுமா? குறுந்தகடே இல்லாமல், "இந்தச் சொற்களை உங்கள் பாட்டில் சொல்லிக்கொடுங்கள்" என்று பெற்றோரிடம் கொடுத்த குழு. இன்னொன்றும் கண்டார்கள். குறுந்தகட்டை விரும்பிய பெற்றோர், பிள்ளை உண்மையில் கற்றதைவிடக் கூடுதலாகக் கற்றுவிட்டதாக நம்பினார்கள். கலியாண வீட்டில் பெருமைப்பட்ட அம்மம்மாவை எனக்கு அங்கே அடையாளம் தெரிந்தது.

மூன்றாவது, எங்களுக்கு மிகவும் வேண்டியது. 2014இல் சாரா ரோஸ்பெரி, கதி ஹேர்ஷ் பாசெக், ரொபேட்டா கொலிங்கோவ் மூவரும் வெளியிட்டார்கள். 24 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்குப் புதிய வினைச்சொற்களை மூன்று விதமாகக் கற்பித்தார்கள். நேரில், காணொளி அழைப்பில், இன்னொரு பிள்ளையோடு நடந்த அழைப்பின் பதிவில். நேரில் கற்ற பிள்ளைகளுக்குச் சொல் வந்தது. காணொளி அழைப்பிலும் வந்தது. பதிவில் வரவில்லை. எல்லாவற்றிலும் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது. வேறுபாடு ஒன்றுதான். அழைப்பில் இருப்பவர் பிள்ளை சிரித்தால் சிரிக்கிறார், பிள்ளை கேட்டால் பதில் சொல்கிறார். பதிவு தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கிறது.

ஆகவே குறை திரையில் இல்லை. பதில் இல்லாததுதான் குறை. இதைச் சில சிறுவர் நிகழ்ச்சிக்காரர்கள் விளங்கிக்கொண்டார்கள். 1996இல் அமெரிக்காவில் புளூஸ் குளூஸ் என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. ஒரு நீல நாய், ஒரு மனிதர், ஒரு புதிர். அவர் கமராவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். பெரியவர்களுக்குப் பொறுமை போய்விடும், அவ்வளவு நேரம் நிற்பார். பிள்ளை யோசித்துப் பதில் சொல்வதற்கான இடம் அது. ஒரே கதையைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். முதல் நாள் பிள்ளைகள் பேசாமல் பார்த்தார்கள், திரும்பத் திரும்பப் பார்த்தபோது பதிலைக் கத்தத் தொடங்கினார்கள். நம்முடைய பாட்டிமார் ஒரே நரிக்கதையை நூறு தரம் சொன்னதன் காரணம் அவர்களுக்கு ஆய்வு இல்லாமலே தெரிந்திருக்கிறது. "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு அவர்களும் நிறுத்துவார்கள் அல்லவா?

2005இல் டெபோரா லைன்பார்கர், டேல் வோக்கர் என்பவர்கள், சின்ன வயதில் என்னென்ன நிகழ்ச்சி பார்த்தார்கள், 30 மாதத்தில் எவ்வளவு பேசினார்கள் என்று ஒப்பிட்டார்கள். கதையோடு போகிற, பிள்ளையைப் பார்த்துக் கதைக்கிற புளூஸ் குளூஸ், டோரா போன்றவற்றைப் பார்த்தவர்களின் சொல்வளம் கூடுதலாக இருந்தது. டெலிடபீஸ் பார்த்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. சின்ன ஆய்வு, 51 பிள்ளைகள்தான். இது இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் காணொளி என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போடக்கூடாது என்பது இதில் தெரிகிறது.

இனி இன்றைய நிலைமை. இன்று பிள்ளைகள் பார்க்கும் ஆங்கிலப் பாட்டுகளில் ஒரு பெரிய பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? சென்னையில் இருந்து. 2013இல் தொடங்கிய சூச்சூ டிவி, ஆங்கிலச் சிறுவர் பாடல்களால் உலகம் முழுக்கப் போனது. அமெரிக்காவில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் நிறம் படிக்கிறது, படம் வரைந்தவர் சென்னைக்காரர். இதில் எனக்குப் பெருமையும் உண்டு, ஒரு சின்னச் சங்கடமும் உண்டு.

பால்மரின் சோதனையை நினைவில் வைக்கச் சொன்னேன். 2022இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் கோகோமெலன் காணொளிகளை வெளியிடும் லண்டன் நிறுவனம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அங்கேயும் பிள்ளைக்கு முன்னால் காணொளி ஓடும். பக்கத்தில் சின்னத் திரையில் வீட்டில் நடக்கும் சாதாரணக் காட்சிகள் ஓடும், ஒருவர் கோப்பி ஊற்றுவதுபோல. பிள்ளை எப்போது பக்கத்தில் பார்க்கிறது என்று குறிப்பார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்திய அதே கருவி. 1969இல் கவனத்தைப் பிடித்தவர்கள் அடுத்ததாக, "இந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கியது?" என்றும் சோதித்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டி வேறு நிகழ்ச்சிக்குப் போய்விடும், பிள்ளையும் எழும்பும். இன்று யூடியூப்பில் ஒன்று முடிய அடுத்தது தானாக வருகிறது. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதே வருமானத்தின் கணக்கு. வீட்டில் ஒருவர் கோப்பி ஊற்றுகிற காட்சியோடு போட்டிபோட்டு வெல்வதற்காகத் தயாரிக்கப்பட்ட ஒன்றோடு, உண்மையிலேயே கோப்பி ஊற்றிக்கொண்டு நிற்கிற அம்மம்மா எப்படிப் போட்டி போடுவாள்?

இங்கே இன்னொரு இழப்பு மறைவாக நடக்கிறது. 2009இல் டிமித்ரி கிறிஸ்தாக்கிஸ் குழுவினர், இரண்டு மாதம் முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளின் உடையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து முழு நாளையும் பதிந்தார்கள். தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும், பிள்ளை பெரியவர்களிடம் இருந்து கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்தன. காணொளி பிள்ளையைப் பேசாமல் ஆக்குகிறதோ இல்லையோ, முதலில் எங்களைப் பேசாமல் ஆக்குகிறது.

எங்கள் வீடுகளில் அந்த 770 சொற்கள் தமிழ்ச் சொற்கள். அதை யோசித்துப் பாருங்கள். ஒஸ்லோவில் என் பேரனுக்கு நோர்வேஜிய மொழி பாலர் பள்ளியில் கிடைக்கும். ஆங்கிலம் தெருவில், பாட்டில், விளையாட்டில், பள்ளிக்கூடத்தில், தேடாமலே கிடைக்கும். தமிழ் கிடைக்கிற இடம் எங்களுடைய வாய் மட்டும்தான். நாங்கள் வாயை மூடினால் அந்த மொழிக்கு வேறு கடை இல்லை. ஐஸ்லாந்தைப் பாருங்கள். ஒரு நாட்டின் அரச மொழி, பள்ளிக்கூட மொழி, புத்தகங்கள் நிறைந்த மொழி. அவர்களுடைய மொழியியலாளர்களே, பிள்ளைகள் திரையில் கேட்கும் ஆங்கிலத்தால் ஐஸ்லாந்திய மொழிக்கு என்ன ஆகும் என்று கவலைப்பட்டு ஆராய்கிறார்கள். எங்களுக்கு ஒரு நாடும் இல்லை, ஒரு பாலர் பள்ளியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு இரண்டரை மணித்தியாலம், அவ்வளவுதான்.

லில்லி வொங் ஃபில்மோர் என்ற மொழியியலாளர் 1991இல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியேறிய குடும்பங்களிடம் விசாரித்து எழுதியது. ஐந்து வயதுக்கு முன்னால் ஆங்கிலப் பாலர் வகுப்புகளுக்குப் போன பிள்ளைகள் வீட்டு மொழியை வேகமாக இழந்தார்கள் என்பது அதன் சாரம். அதைவிட எனக்கு வலித்தது, அதனால் வீட்டில் நடந்ததைப் பற்றி அவர் எழுதியது. பிள்ளையிடம் பெரிய விஷயங்களைப் பேச முடியாத பெற்றோர். புத்தி சொல்ல முடியாது, ஆறுதல் சொல்ல முடியாது, பட்ட அனுபவத்தைக் கொடுக்க முடியாது. சாப்பாடு கொடுக்கலாம், உடுப்பு வாங்கிக் கொடுக்கலாம். எங்கள் சமூகத்தில் எத்தனை வீடுகள் இப்படி இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

காணொளி எதைக் கற்பிக்கிறது என்று உற்றுப் பார்த்தேன். பெயர்ச்சொற்கள். நிறம், வடிவம், மிருகம், வாகனம். படத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடியவை. மொழியின் மீதிப் பாதி விரல் வைத்துக் காட்ட முடியாதது. யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது. அம்மாவின் அக்கா பெரியம்மா, அப்பாவின் அக்கா மாமி. வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்லாமல் "போட்டு வாறன்" என்று சொல்வது. எங்கள் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, "போறன் எண்டு சொல்லாதை பிள்ளை" என்று இன்றைக்கும் என்னைத் திருத்துவார். பிரிவுக்குள் திரும்பி வருவதை வைத்த ஒரு சொல் அது. இதையெல்லாம் ஒரு பிள்ளை கற்பது, எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்துத்தான். தண்ணீர் கேட்பதும் அப்படித்தான். எட்டுக்கோணத்துக்குக் கேட்பவர் தேவையில்லை. தண்ணீருக்கு ஒருவர் வேண்டும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? அதிசயம் ஒன்றும் செய்யவில்லை.

முதலாவது, சாப்பாட்டு மேசையில் கைபேசியை நிறுத்தினோம். முதல் கிழமை நரகம். அவன் சாப்பிடவில்லை, நான் அழுதேன். எடை குறையுமோ என்று பயந்து மகள் என்னோடு சண்டை பிடித்தாள். இரண்டாவது கிழமை கையால் எடுத்துச் சாப்பிடத் தொடங்கினான். தரையெல்லாம் சோறு. துடைத்தேன். துடைக்கும்போது கதைத்தேன்.

இரண்டாவது, காணொளியை முழுக்க நிறுத்தவில்லை. உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், இரண்டு முதல் நான்கு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்கிறார்கள். நாங்கள் அரை மணித்தியாலம் வைத்தோம். தானாக அடுத்தது ஓடுவதை அணைத்தோம். ஒரே காணொளியை ஒரு கிழமை முழுக்கப் பார்த்தோம். பக்கத்தில் நான் இருந்தேன். ஆங்கிலக் காணொளிதான், ஆனால் நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் கேட்டேன். "இந்த நாய் எங்கே ஒளிச்சிருக்கு?" முதலில் அவனுக்குக் கோபம். பிறகு திரையில் விரலை வைத்துக் காட்டினான். பிறகு ஒரு நாள், "கதிரைக்குக் கீழை" என்றான்.

மூன்றாவது, ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் யாழ்ப்பாணத்துக்குக் காணொளி அழைப்பு, என் அம்மாவோடு, அவனுக்குப் பூட்டி. எண்பத்தாறு வயது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல், 18 மாதத்துக்குக் கீழே திரையே வேண்டாம் என்று சொன்னபோதும் ஒரு விலக்கு வைத்தது, அது காணொளி அழைப்பு. பூட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, நோர்வேஜியம் தெரியாது. அதுதான் அவரது பலம். அவன் ஒக்டகன் என்றால், "என்னடா ராசா சொல்லுறாய், பூட்டிக்கு விளங்கேல்லை" என்பார். அவருக்கு விளங்கப்படுத்த வேண்டும் என்றால் அவன் தமிழுக்கு வரத்தான் வேண்டும்.

இப்போது அவனுக்கு மூன்று மொழியும் இருக்கிறது, மூன்றும் கலந்துதான் இருக்கிறது. நோர்வேஜியம் நன்றாக வருகிறது. தமிழ் தடக்கித் தடக்கி வருகிறது. ஆங்கில எட்டுக்கோணமும் போகவில்லை, போகவும் தேவையில்லை. இதில் எது எங்கள் முயற்சியால் வந்தது, எது வயதால் வந்தது என்று ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல முடியாது. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

முடிக்குமுன் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பேச்சுப் பிந்துகிற எல்லாப் பிள்ளைக்கும் காணொளிதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். காது கேட்பதில் குறை இருக்கலாம், வேறு காரணங்கள் இருக்கலாம். ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகள், வீட்டில் ஒருவரும் பேசாத மொழியைத் திரையில் இருந்தே நன்றாகக் கற்றுக்கொள்வதை ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். அங்கே காணொளி காரணம் அல்ல, பிள்ளைக்கு எட்டிய ஒரு வழி. சந்தேகம் இருந்தால் பேச்சு வல்லுநரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், ஊர் என்ன சொல்லும் என்று ஒளிக்காதீர்கள். அங்கே யாராவது, "வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஒரே மொழி பேசுங்கள்" என்று சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை.

இரண்டு, தாய்மாரைக் குற்றம் சொல்லாதீர்கள். இரவு வேலை முடித்து வந்து சமைக்கிற ஒருத்தி இருபது நிமிடம் பிள்ளைக்குக் காணொளி போட்டால், அந்த இருபது நிமிடம் அவளுக்குத் தேவை. அவளுக்கு நாங்கள் கொடுக்கக்கூடியது புத்திமதி அல்ல, ஒரு சோடிக் கை. பின்னேரத்தில் அந்தப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கிக் கதைக்க ஓர் அம்மம்மா, ஒரு பெரியப்பா, பக்கத்து வீட்டு அன்ரி. இந்த நேரலையைக் கேட்கிறவர்களில் என் வயதுக்காரர் நிறையப் பேர். உங்களைத்தான் கேட்கிறேன். இலக்கியம் பேசுகிற நாங்கள், ஒரு கிழமையில் இரண்டு மணித்தியாலம் திரைக்கு முன்னால் இருந்து இலக்கியம் கேட்கிறோம். அதில் அரை மணித்தியாலத்தை எடுத்து, பக்கத்தில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு ஒரு கதை சொல்லுங்கள். நடுவில் நிறுத்துங்கள். பிள்ளை பதில் சொல்லும் வரை பொறுத்திருங்கள். நேரம் எடுக்கும்.

எனக்கு இப்போது அவனைக் கூட்டிவரப் போகவேண்டிய நேரம். கேள்விகள் இருந்தால் எழுதி வையுங்கள், கட்டாயம் பதில் எழுதுகிறேன். போட்டு வாறன்.